அடுப்பை ஆராய்ந்த அறிஞர்

மனிதன் கற்ற கலைகளுள் உணவு சமைத்தல் மிகப் பழமையானது. நெருப்பை ஆளக் கற்ற நாள்தொட்டு அவன் கிழங்குகளையும் கூலங்களையும் வேகவைத்து உண்டு வருகின்றான். உலை கொதிப்பதையும், பால் பொங்குவதையும், கூழ் ஆறுவதையும் நாம் நாள்தோறும் காண்கின்றோம், காண்பதோடு அமைந்துவிடுகின்றோம். உலை கொதித்த பின்னரும் விறகை மிகுதியாக இடுவதால் பயன் உண்டா? வெந்நீர் விரைவில் ஆறிவிட, கூழ் மட்டும் ஏன் நெடுநேரம் சூடு தணியாமல் இருக்கின்றது? இவ்வினாக்களைக் கேட்போர் மிகச் சிலரே. இவற்றைத் தாமே கேட்டு, விடை காணும்பொருட்டு வெப்பமானியைக் கையிலேந்தி அடுப்பங்கரைக்குள் நுழைந்த அறிஞர் ஒருவர் பதினெட்டாம் நூற்றாண்டில் தோன்றினார். அவரே ரம்போர்டு பிரபு என உலகம் போற்றும் பெஞ்சமின் தாம்சன் ஆவார். அவருடைய வாழ்க்கை வரலாறு வியப்பும் விளைப்பது, வருத்தமும் விளைப்பது. இரண்டையும் மறையாது காண்போம்.

இளமைப் பருவம்

பெஞ்சமின் தாம்சன் 1753ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 26ஆம் நாள், அமெரிக்காவில் மாசசூசெட்சு மாநிலத்திலுள்ள வோபர்ன் என்னும் சிற்றூரில் பிறந்தார். அந்நாளில் அம்மாநிலம் ஆங்கில அரசின் குடியேற்ற நாடாக இருந்தது. தந்தையார் உழுதொழில் செய்து வாழ்ந்தவர். குழந்தைக்கு இரண்டு ஆண்டு நிறையுமுன்பே அவர் இறந்துவிட்டார். அன்னையார் மறுமணம் செய்துகொண்டார். எனவே சிறுவர் தாம்சன் செல்வத்திலும் செல்லத்திலும் வளர்ந்தவர் அல்லர்.

பதின்மூன்றாம் வயதில் அவர் சேலம் என்னும் கடற்கரை நகரில் ஒரு கடையில் தொழில் பழகச் சேர்க்கப்பட்டார். நம் நாட்டிலும் அப்பெயருடைய ஊர் உண்டு. ஆயினும் இஃது அமெரிக்கச் சேலம். துணியை அளந்து கொடுப்பதினும், கருவிகளைச் செய்து பார்ப்பதிலேயே அவர் உள்ளம் சென்றது. ஒரு நாள் விழாவுக்கென்று வாணவெடிகளைத் தாமே செய்ய முற்பட்டார். மருந்து திடீரென வெடித்து அவர் உடலில் கடுங்காயம் உண்டாக்கிற்று. எனினும் ஆராயும் வேட்கை தணியவில்லை. உடல் தேறியபின், தம் நண்பர் ஒருவருடன் பல கல் தொலைவு நடந்து சென்று, ஹார்வர்டு கல்லூரியில் நடைபெற்ற இயற்கை நூல் சொற்பொழிவுகளைக் கேட்டு வந்தார். கல்லூரி மாணவராகச் சேர்ந்து பயிலும் வாய்ப்பு இல்லாதவருக்குக் கேள்விச் செல்வமே கல்வியாயிற்று.

பத்தொன்பதாம் வயதில் அவர் நியூ ஹாம்ப்சயர் மாநிலத்துக் கான்கார்டு என்னும் ஊரில் பள்ளியாசிரியர் ஆனார். அவ்வூரின் முற்பெயர் ரம்போர்டு என்பது. அங்கே செல்வமிக்க கைம்பெண் ஒருவரை 1772இல் மணந்தார். 1774இல் சாரா என்னும் மகள் பிறந்தாள்.

அக்காலத்தில் அமெரிக்க மக்கள் ஆங்கில ஆட்சியை எதிர்த்து விடுதலை வேட்கை கொண்டு எழுந்தனர். தாம்சன் அரசன் பக்கம் நின்றார். ஊரார் அவரைப் பகைவராகக் கருதித் திரண்டு வரவே, அவர் வீட்டை விட்டு வெளியேறினார். பின்னர் ஆங்கிலப் படைத்தலைவருக்கு மறைவாகச் செய்திகளும் அனுப்பினார். 1776இல் இலண்டன் மாநகர் சென்று சேர்ந்தார். மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுச் சென்றவர் மனைவியை மீண்டும் கண்டாரில்லை. அவ்வம்மையார் 1792இல் இறந்தார். மகள் தந்தையின் முகத்தை மீண்டும் கண்டது இருபது ஆண்டுகட்குப் பின்னரேயாகும்.

இலண்டனில் அரசியல் அலுவலராகப் பணிபுரிந்துகொண்டே வெடிமருந்தின் ஆற்றலை ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சியின் பயனாக 1779இல் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1784இல் ஆங்கில மன்னர் அவருக்கு ‘சர்’ பட்டம் வழங்கினார். அதன்பின் செருமானிய நாடுகளுள் ஒன்றாகிய பவேரியாவின் ஆட்சித் தலைவர் கார்ல் தியோடோர் அவரைத் தம் பணியில் அமர்த்திக்கொண்டார்.

மியூனிக் நகரில் அறப்பணி

பவேரியாவின் தலைநகரம் மியூனிக். அந்நகரத் தெருக்களில் இரவலர் கூட்டம் நிறைந்திருந்தது. கோயில் வாயிலிலும் கடைத்தெருவிலும் அவர்கள் மக்களை வழிமறித்து இரந்தனர். குழந்தைகளை வருத்தி இரக்கம் தேடியவர்களும் இருந்தனர். படைவீரர்களோ கிழிந்த உடையும் குறைந்த ஊதியமும் உடையவராயிருந்தனர். இவ்விரண்டு குறைகளையும் ஒருங்கே நீக்கத் தாம்சன் ஒரு வழி கண்டார். படைக்கு வேண்டிய உடைகளை நெய்து தரும் தொழிற்சாலை ஒன்றை அமைத்து, அதிலே இரவலர்க்கு வேலை தருவது என்பதே அவ்வழி.

1790ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், படை அலுவலர்களும் நகர அலுவலர்களும் உடன்வர, அவர் தெருவில் இறங்கினார். முதல் இரவலரைத் தாமே கைதொட்டு அழைத்துச் சென்றார். ஒரு வாரத்திற்குள் ஏறத்தாழ 2,600 பேர் பெயர்ப்பட்டியலில் பதியப்பட்டனர். வெப்பமூட்டிய தூய அறைகளும், வேலைக்கேற்ற கூலியும், நண்பகலில் சுடச்சுட உணவும் அவர்கட்குக் கிடைத்தன. நூற்கவும் நெய்யவும் தைக்கவும் அவர்கள் கற்றனர். சிறுவர்க்குப் பள்ளியும் அமைந்தது.

படைவீரரைக் கொண்டு ஏழைகளைப் பிடித்துச் செல்லுதல் அறமாகுமா என நாம் இன்று கேட்கலாம், கேட்பதும் முறையே. ஆயினும் அவர் அவ்வேழைகளை இழித்துரைக்கவும் அடிக்கவும் எவரையும் விடவில்லை. மாந்தரை முதலில் நல்லவராக்கி அதன்பின் மகிழ்விக்க வேண்டும் என்பது பலர் கொள்கை. முதலில் அவர்களை மகிழ்வித்தால் நல்லொழுக்கம் தானே பின்தொடரும் என்பது தாம்சன் கொள்கை. குளிரும் பசியும் தீராத மனிதனுக்கு அறிவுரை மட்டும் வழங்குதல் வீண் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

ஏழையின் கஞ்சி

நாள்தோறும் ஆயிரம் பேருக்கு மேல் உணவளித்தல் எளிய செயலன்று. சிறிய செலவில், மிகுந்த வயிறுகளை நிறைக்கவேண்டும். எவ்வெவ்வுணவு எத்துணை விலையில் எவ்வளவு நேரம் பசி தாங்கும் என்பதைத் தாம்சன் பல நாள் ஆராய்ந்தார். முடிவில் வாற்கோதுமை, பட்டாணி, உருளைக்கிழங்கு, ரொட்டித் துண்டுகள், காடி, உப்பு, நீர் இவற்றால் ஆகிய கஞ்சி ஒன்றை வகுத்தார். முதலில் வாற்கோதுமையை நீரிலிட்டு மெல்லக் காய்ச்சவேண்டும். பின்னர்ப் பட்டாணியைச் சேர்த்து இரண்டு மணி நேரம் சிறுதீயில் வைக்கவேண்டும். அதன்பின் உருளைக்கிழங்கைச் சேர்த்து மேலும் ஒரு மணி நேரம் வேகவிடவேண்டும். காடியும் உப்பும் பின்னர்ச் சேரும். உலர்ந்த ரொட்டித் துண்டுகளைப் பரிமாறும் பொழுதே இடவேண்டும். அவை கடித்து மெல்லுதற்கு உரியனவாதலால் உண்ணும் இன்பம் நீளும் என்று அவர் கருதினார். ஏழைக்கும் சுவை உண்டு என்பதை அவர் மறக்கவில்லை.

உருளைக்கிழங்கு அந்நாளில் பவேரிய மக்கள் விரும்பாத பொருள். ஆதலின் முதலில் அதனைத் தனியறையில் மறைவாக வேகவைத்து, உருத் தெரியாமல் கரையும்படி செய்து, கஞ்சியில் கலந்தனர். மக்கள் கஞ்சியின் சுவை மிகுந்ததென்று பாராட்டினர். பின்னர் உண்மை வெளிப்பட்டது. அதற்குள் அச்சுவை அவர்கட்குப் பழகிவிட்டமையின் எவரும் வெறுக்கவில்லை. அக்கிழங்கையே விரும்பிக் கேட்கலாயினர்.

சிறிதளவு வாற்கோதுமை மிகுந்த நீரைக் கெட்டியாக்குவதைக் கண்ட தாம்சன், நீரே உணவாக மாறுகின்றது என்று எண்ணினார். இக்கருத்துப் பிழையானது. கூலத்திலுள்ள மாப்பொருள் வெந்நீரை உறிஞ்சிப் பருத்துத் திரவத்தைக் கெட்டியாக்குகின்றது என்பதே உண்மை. நீர் வயிற்றை நிறைக்குமேயன்றி உடலுக்கு வலிமை தராது. அறிஞரும் பிழைபடுவர், அப்பிழையைப் பின்வந்தோர் ஆய்ந்து திருத்துவர். அறிவியல் வளரும் முறை இதுவேயாகும். எனினும் அக்கஞ்சி பசித்தோர் பலரைக் காத்தது. ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் ரம்போர்டுக் கஞ்சி என்னும் பெயரால் ஏழைகட்கு வழங்கப்பட்டது.

1792இல் தாம்சன் பிரபுப் பட்டம் பெற்றார். தாம் ஆசிரியராயிருந்த ஊரின் பழம்பெயராகிய ரம்போர்டு என்பதையே பட்டப்பெயராகக் கொண்டார்.

அடுப்பும் வெப்பமும்

அக்காலத்து ஐரோப்பியச் சமையலறைகளில் பெருந்தீ திறந்த வெளியில் எரிந்தது. வெப்பத்தின் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வானிற் சென்று வீணாயிற்று. எஞ்சியது சமைப்பவர் முகத்தைச் சுட்டது. ரம்போர்டு செங்கற்களால் மூடிய அடுப்பைக் கட்டினார். ஒவ்வொரு கலத்துக்கும் தனித்தனியே சிறு தீக்குழி அமைத்தார். தீ கலத்தின் அடியையும் பக்கங்களையும் தழுவிச் செல்லுமாறு வழி வகுத்தார். காற்றைக் கூட்டவும் குறைக்கவும் சிறு கதவுகள் பொருத்தினார். கலங்களுக்கு இரட்டை மூடிகள் செய்வித்தார். இரு தகடுகட்கு இடையே அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆதலின் உள்ளிருக்கும் சூடு விரைவில் வெளியேறுவதில்லை.

கொதித்தலைப் பற்றி அவர் கூறிய உண்மை நம் இல்லங்களிலும் நினைவிற் கொள்ளத்தக்கது. திறந்த கலத்தில் நீர் கொதிக்கத் தொடங்கியபின், எத்துணை விறகை எரித்தாலும் அதன் வெப்பநிலை மேலும் உயர்வதில்லை. கடல்மட்டத்தை ஒட்டிய இடங்களில் ஏறத்தாழ 100 பாகை அளவிலேயே நின்றுவிடும். மிகுதியாகத் தரும் வெப்பம் நீரை ஆவியாக மாற்றுவதிலேயே செலவாகின்றது. தளதளவென்று கொதிக்கும் உலையில் பருப்பு விரைந்து வேகும் என எண்ணுதல் தவறு. மெல்லக் கொதித்தாலும் அது அவ்வளவே வேகும். விறகு மட்டும் மிஞ்சும்.

ஒருமுறை ரம்போர்டு ஆராய்ச்சியில் ஆழ்ந்திருந்தபொழுது, அரிசியாலாகிய கெட்டியான கஞ்சி அவருக்கு உணவாக வந்தது. ஆறட்டும் என்று நெடுநேரம் விட்டுவைத்தார். பின்பு ஒரு கரண்டி எடுத்து உண்டார், அது குளிர்ந்திருந்தது. அடுத்த கரண்டியோ வாயைச் சுட்டுவிட்டது. நம்மில் ஒருவராயின் சமைத்தவரைச் சினந்திருப்போம். அவரோ காரணம் தேடினார். நீரில் சூடேறிய பகுதி மேலே எழும். குளிர்ந்த பகுதி கீழே இறங்கும். இவ்வாறு சுழன்று சுழன்று நீர் விரைவில் ஆறிவிடும். கெட்டியான கஞ்சியில் அச்சுழற்சி தடைப்படுகின்றது. அதனால் உட்பகுதி நெடுநேரம் சூடாகவே இருக்கின்றது. இவ்வுண்மையை அவர் பல சோதனைகளால் விளக்கினார்.

மற்றொரு நாள், உருளைக்கிழங்கை உலர்த்துதற்கென அமைத்த பெட்டியில் ஆட்டிறைச்சி வேகுமா எனச் சோதித்தார். மூன்று மணி நேரமாகியும் வேகவில்லை. முயற்சியைக் கைவிட்டுப் பணிப்பெண்களிடம் ஒப்புவித்தார். அவர்கள் இரவெல்லாம் அப்பெட்டியிலேயே விட்டுவைத்தனர். காலையில் பார்த்தால் இறைச்சி மிக மென்மையாகவும் மணமாகவும் வெந்திருந்தது! குறைந்த வெப்பத்தில் நெடுநேரம் சமைத்தால் சுவை மிகும் என்பது அன்று வெளிப்பட்டது.

வெப்பம் என்பது யாது?

பொருள்களுக்குள் புகுந்து வெளிவரும் ஒருவகை நுண்திரவமே வெப்பம் என்று அந்நாளைய அறிஞர் பலர் நம்பினர். பிரெஞ்சு நாட்டு வேதியியலறிஞர் இலவாசியர் அதற்குக் கலோரிக் எனப் பெயரிட்டிருந்தார். மியூனிக் படைக்கலச் சாலையில் பீரங்கிக் குழாய்களைத் துளையிடும்போது அவை பெருஞ்சூடு கொள்வதை ரம்போர்டு கண்டார். மழுங்கிய துளைக்கருவி ஒன்றை உலோகத்தோடு அழுத்திவைத்து, அவ்விடத்தைச் சூழ ஒரு பெட்டியில் நீர் நிரப்பி, குதிரைகளைக் கொண்டு உலோகத்தைச் சுழலச் செய்தார். நேரம் செல்லச் செல்ல நீர் சூடேறிற்று. இரண்டரை மணி நேரத்தில் கொதித்தே விட்டது. தீயில்லாமல் நீர் கொதிப்பதைக் கண்டு சூழநின்றோர் வியப்பில் ஆழ்ந்தனர்.

உராயுந்தோறும் வெப்பம் குறைவின்றி வந்துகொண்டே இருந்தது. ஒரு பொருளுக்குள் அடங்கிய திரவமாயின் அஃது என்றேனும் தீர்ந்துபோகவேண்டுமன்றோ? ஆகவே வெப்பம் ஒரு பொருளன்று, ஒருவகை இயக்கமே என்று அவர் முடிவு செய்தார். இக்கட்டுரை 1798ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள் இலண்டன் அரச கழகத்தில் படிக்கப்பெற்றது. இவ்வாறு தோன்றும் வெப்பத்தால் உணவும் சமைக்கலாம் என்று அதில் அவர் குறிப்பிட்டார். ஆயினும் குதிரைகள் தின்னும் தீனியையே விறகாக எரித்தால் இதனினும் மிகுந்த வெப்பம் கிடைக்குமென்றும் உடனே எழுதினார். சிக்கனம் அவர் சிந்தனையை ஒருபோதும் விட்டு நீங்கவில்லை.

மக்கள் மன்றத்தில் அறிவியல்

கற்றோர் சிலரிடமே அறிவியல் அடைபட்டுக் கிடத்தல் ஆகாது. அஃது எளியோர் இல்லத்து அடுப்பு வரை சென்று பயன்படவேண்டும் என ரம்போர்டு விரும்பினார். அவர் முயற்சியால் 1799ஆம் ஆண்டு மார்ச்சு 7ஆம் நாள் அறிஞர் சர் சோசப் பேங்க்சு இல்லத்தில் கூடிய கூட்டத்தில் அரசக் கல்வி நிலையம் தோன்றிற்று. இலண்டனில் ஆல்பிமார்ல் தெருவில் அதற்கு மனை அமைந்தது. சொற்பொழிவு மண்டபமும், ஆய்வுக்கூடமும், ரம்போர்டு வகுத்த அடுப்புகளுடன் கூடிய சமையலறையும் அதில் இடம் பெற்றன. 1801இல் அம்பிரி டேவி என்னும் இளைஞர் அங்கே சொற்பொழிவாளராகச் சேர்ந்தார். அவர் சோதனைகளைக் காண மக்கள் திரண்டனர். பிற்காலத்தில் அவர் சொற்பொழிவைக் கேட்டுப் பணியில் சேர்ந்த புத்தகக் கட்டுநரே மின்னியலின் தந்தையாகிய மைக்கேல் பாரடே. 1825இல் சிறுவர்க்கெனத் தொடங்கிய கிறித்துமசுச் சொற்பொழிவுகளும் அந்நிலையத்தின் கொடையே.

ஆயினும் நிறுவியவர் அங்கு நிலைத்தாரில்லை. பிறர் கருத்தை மதியாத அவர் இயல்பு உடன்பணிபுரிந்தோர்க்குக் கசப்பாயிற்று. 1802இல் இலண்டனை விட்டுப் பாரிசு நகர் சென்றார். 1805இல் அறிஞர் இலவாசியரின் கைம்பெண்ணாகிய அம்மையாரை மணந்தார். கலோரிக் கொள்கையை வகுத்தவரின் துணைவியாரை, அக்கொள்கையை வீழ்த்த முயன்றவர் மணந்தது ஊழின் விந்தையே. அம்மணமும் இனிது நடவாமல் 1809இல் பிரிவில் முடிந்தது. அதன்பின் பாரிசை அடுத்த ஓத்தேயில் என்னும் இடத்தில் வாழ்ந்து, காப்பி வடிக்கும் கலத்தை ஆராய்ந்து 1812இல் நூல் ஒன்று எழுதினார். வறுத்தரைத்த பொடியின்மேல் வெந்நீரை ஊற்றி மெல்லச் சொட்டவிடும் அம்முறையும் நம் இல்லங்களில் வழங்கும் காப்பி வடிகட்டியின் முறையும் ஒன்றே. 1814ஆம் ஆண்டு ஆகத்துத் திங்கள் 21ஆம் நாள் அவர் உயிர் நீத்தார்.

பின்வந்த பயன்

ரம்போர்டு விதைத்த வித்து வீண்போகவில்லை. ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியரும் கடுங்குளிர் ஆராய்ச்சியில் புகழ்பெற்றவருமான நிக்கோலாசு கூர்த்தி என்பார், 1969ஆம் ஆண்டு அதே அரசக் கல்வி நிலைய மேடையில் சமையலறையின் இயற்பியலைப் பற்றி மக்கள் முன் பேசினார். நுண்ணலை அடுப்பைக் கொண்டு, வெளியே பனிக்குளிர்ச்சியும் உள்ளே சூடும் உடைய இனிப்பு ஒன்றை அவர் சமைத்துக் காட்டினார். ரம்போர்டின் இறைச்சிச் சோதனையையும் அவர் மீண்டும் செய்து பார்த்தார். 80 பாகை வெப்பத்தில் எட்டரை மணி நேரம் வைத்த இறைச்சி உள்ளும் புறமும் ஒரே சீராக வெந்திருந்தது. நூற்றெழுபது ஆண்டுகட்கும் முன்னர் ஒருவர் கண்டறிந்த உண்மை மீண்டும் மெய்ப்பட்டது. சமையலின் அறிவியல் இன்று தனித்துறையாகவே வளர்ந்துள்ளது.

முடிவுரை

ரம்போர்டின் வாழ்க்கையை எவ்வாறு மதிப்பிடுவது? அவர் மறைந்தபின் பிரெஞ்சு அறிஞர் கூவியே நினைவுரை ஆற்றினார். மக்கட்கு அத்துணை நன்மை செய்தவர் மக்கள்மீது அன்பு கொள்ளாமலே அவற்றைச் செய்தார் என்று அவர் வருந்திக் குறிப்பிட்டார். கடுமையான தீர்ப்புத்தான்; ஆயினும் முற்றும் பொய்யெனத் தள்ளுதற்கில்லை. ஆயிரவர்க்குச் சூடான உணவளித்தவர் தம் மனைக்கு ஒளியாக இருந்தாரில்லை. மூடிய அடுப்பில் வெப்பத்தைக் காக்க அறிந்தவர் நெஞ்சின் வெம்மையைக் காக்க அறிந்தாரில்லை.

மாணவர்களே! அவருடைய குறைகளை நாம் பின்பற்ற வேண்டா. அவற்றைச் சுட்டி அவர் செய்த நன்மைகளை மறக்கவும் வேண்டா. ஆய்வுக்கூடத்தில் மட்டுமே அறிவியல் உண்டென எண்ணாதீர்கள். உங்கள் அன்னையார் உலை வைக்கும் அடுப்பின் அருகே சற்று நின்று பாருங்கள். மூடி ஏன் நடுங்குகின்றது, கரண்டிக் காம்பு ஏன் சுடுகின்றது, கூழ் ஏன் மெல்ல ஆறுகின்றது எனக் கேளுங்கள். கண்டறிந்த உண்மையைப் பசித்தவர்க்குப் பயன்படுத்துங்கள். அறிவோடு அன்பும் சேருமாயின், ரம்போர்டு தொடங்கிய பணி உங்கள் கையில் நிறைவுபெறும்.